ஊர்வலத்தில் இல்லாதவள்

பிப்ரவரி 11, செவ்வாய்

அம்மாவை நேற்றுக் காலை கைது செய்தார்கள். வக்கீல் கிருபாகரன் போனில் பேசினார். இனிமேல் யார் வீட்டுக்கு வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதையெல்லாம் அன்றன்றைக்கே தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். பின்னால் உதவுமாம். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பியூலா. ஆனந்தவிளை சபையில் ஆர்கன் வாசிக்கிறேன். வார நாட்களில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா என்று நான் எழுதுவது நவமணி டீச்சரை. அவர் என்னைப் பெற்றவர் அல்ல. ஆறு வயதில் என்னை யாரோ சபையின் பெண்பிள்ளைகள் விடுதியில் விட்டுப் போனார்கள். அங்கிருந்து வளர்ப்பதற்கென்று இரண்டு வீடுகளுக்கு அனுப்பினார்கள். இரண்டிலிருந்தும் திரும்பி வந்தேன். மூன்றாவது வீடு இது. அம்மா திருப்பி அனுப்பவில்லை. இதெல்லாம் வக்கீலுக்குத் தேவைப்படுமா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

நேற்று மீன் கம்பெனி வாசலில் மறியல். கழிவு மீனை வேகவைத்து அரைத்துத் தீவன மாவாக்குகிற ஆலை அது. வந்ததிலிருந்து ஊர்க் கிணறுகளில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிறது. அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் நானும் போய் ஆர்மோனியம் வாசிப்பேன். நேற்று ஒரு லாரியின் கண்ணாடி உடைந்திருக்கிறது. யார் கல்லெறிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் வழக்கில் முதல் பெயராக அம்மா பெயரை எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு.

நான் அங்கே இல்லை. டவுனில் ஒரு கல்யாண ஆராதனைக்கு வாசித்துக்கொண்டிருந்தேன்.

இசக்கி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அவளுக்கு எட்டு வயது. போன வருடம் குழந்தைகள் நலக் குழு மூலமாக அம்மாவிடம் வளர வந்தவள். பெரியம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். சோறு போட்டேன். துணி துவைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மகேஸ்வரி மேடம் வந்தார். சமையலறை, கழிப்பறை, இசக்கி படுக்கிற இடம் எல்லாவற்றையும் பார்த்தார். வளர்க்கிறவர் சிறையில் இருக்கும்போது பிள்ளையை அவர் பெயரில் இந்த வீட்டில் விட்டுவைக்க முடியாதாம். அடுத்த மாதம் குழந்தைகள் நலக் குழுவில் விசாரணை இருக்கிறது. அதுவரை என் பொறுப்பில் இருக்கலாம். நான் விண்ணப்பித்தால் என் பெயருக்கே மாற்றித்தர வாய்ப்பு உண்டு. போலீஸில் என்னைப் பற்றி விசாரிப்பார்கள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உங்க பேர்ல சின்னதாக்கூட ஒரு கேஸ் வந்திடக் கூடாதும்மா. அப்புறம் நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. பிள்ளைய விடுதிக்குத்தான் அனுப்புவாங்க."

எந்த விடுதி என்று கேட்டேன். நான் இருந்த விடுதிதான்.

தண்ணீர் லாரி வந்தது. இரண்டு டிரம் பிடித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனைக்கு வாசித்தேன். வழக்கம்போல முன் பெஞ்சில் ஜெபசிங் அண்ணாச்சி. மீன் கம்பெனி அவருடையது. சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிச் செயலாளரும் அவர்தான். நான் வாசிக்கிற ஆர்கனும் அவர் வாங்கிக்கொடுத்தது. அதைப் பற்றி அம்மா ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. ஆர்கன் கர்த்தருக்கு, கம்பெனிதான் அவருக்கு என்பார்.

எங்கள் கோயிலில் ஆர்கன் பக்கச் சுவரைப் பார்த்து இருக்கிறது. வாசிக்கிறவளின் முகத்தை யாரும் பார்க்க முடியாது. விடுதியில் நான் ஆர்கனைப் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். விருந்தாளிகள் வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடச் சொல்வார்கள். வந்தவர்கள் ஒவ்வொரு கன்னமாகத் தடவிக்கொண்டு போவார்கள். வாசிக்கிற பிள்ளை மட்டும் திரும்ப வேண்டியதில்லை.

ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி வந்து, நன்றாக வாசித்தாய் என்றார். டீச்சருக்குப் பிடிவாதம், உனக்காவது புத்தி இருக்கிறதே என்றார். நான் ஆர்கனுக்குத் துணி போட்டு மூடினேன்.

பிப்ரவரி 19, புதன்

சிறைக்குப் போனேன். நடுவில் இரண்டு கம்பி வலைகள். அம்மா இளைத்திருந்தார். பக்கத்தில் எல்லாரும் சத்தம் போட்டுப் பேசியதால் அம்மாவும் வகுப்பில் பேசுவதுபோல உரக்கப் பேசினார். மாத்திரை கிடைக்கிறதா என்று கேட்டேன். கிடைக்கிறது என்றார். அது உண்மையா என்று தெரியவில்லை. மகேஸ்வரி மேடம் வந்ததைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வலையில் விரல்களை மாட்டிக்கொண்டு சொன்னார்.

"இனிமே நீ பந்தலுக்குப் போவாத. கோர்ட்டுக்கும் வராத. உம் பேரு ஒரு எடத்துலயும் வரப்படாது. எனக்கு என்ன ஆனாலும் சரி, எம் பின்னால வராத. அந்தப் பிள்ள மறுபடியும் விடுதி வாசல்ல போய் நிக்கப்படாது."

"சரிம்மா."

"கீழ பாத்துச் சொல்லாத. என்னயப் பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது.

பிப்ரவரி 22, சனி

இட்லிக்கு மாவு அரைத்தேன். மூன்று பேருக்கு அரைத்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

தங்கபுஷ்பம் மைனி வந்தார். உப்பளத்து வேலைக்குப் போகிறவர். பந்தலில் அம்மாவுக்கு அடுத்தபடி அவர்தான். இரண்டு வெள்ளிக்கிழமையாக நான் ஏன் வரவில்லை என்று கேட்டார். ஆர்மோனியம் அங்கே சும்மா கிடக்கிறதாம். பாட்டு இல்லாமல் பெண்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்களாம்.

உடம்பு சரியில்லை என்றேன்.

அவர் நம்பவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இசக்கி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வாங்கிக்கொடுத்த ஆர்கன் கையைக் கட்டிப்போட்டுவிட்டதா என்று கேட்டார். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் மைனியிடம் சொன்னால் பந்தலுக்குத் தெரியும். பந்தலுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். கேஸில் சிக்காமல் இருக்கத்தான் ஒதுங்கியிருக்கிறேன் என்று தெரிந்தால், போலீஸில் என் பெயரை எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

காபி போட்டேன். குடிக்காமல் போய்விட்டார். அதை நான் குடித்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஐயர் ஜெபத்தில், துன்பத்தில் இருப்பவர்கள் என்று பொதுவாகச் சொன்னார். சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பயந்த மனிதர். அம்மா பெயரைச் சொல்லப்போவதுபோல ஓர் இடத்தில் நிறுத்தினார். பிறகு ஆமென் என்றார். நான் ஆமெனுக்கு வாசித்தேன்.

மார்ச் 3, திங்கள்

காலையில் வக்கீல் போன் செய்தார். விடியும்போது அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

அப்போது இசக்கிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கத்தையும் பின்னி ரிப்பன் கட்டினேன். அப்புறம்தான் அவளிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடப் பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லைதானே என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பிரேதப் பரிசோதனை முடிந்து நாளைக்குத் தருவார்கள். அம்மாவின் தம்பி மதுரையிலிருந்து வருகிறார். கையெழுத்துப் போட இரத்த உறவு வேண்டுமாம். நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன்.

மாலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை மீன் கம்பெனி வழியாகப் போகிறது. கோயிலில் ஆராதனை நடத்திக்கொள்ளலாம். தெருவில் கோஷமோ பாட்டோ வரக் கூடாது. ஊர்வலத்தில் வருகிறவர்களை வீடியோ எடுப்பார்கள். மீறினால் வந்தவர்கள் எல்லார் மேலும் வழக்கு. நீங்கள் முன்னால் நின்று வாசிப்பீர்களாமே என்று என்னைக் கேட்டார். நான் கோயிலுக்குள் மட்டும்தான் வாசிப்பேன் என்றேன்.

அம்மாவின் நீலக்கரைச் சேலையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தேன். அழுகை வரவில்லை. காலையிலிருந்து சாப்பிடாததால் இருக்கலாம்.

மார்ச் 4, செவ்வாய்

அடக்க ஆராதனை மத்தியானத்துக்குப் பிறகு. கோயில் நிறைந்து வெளியேயும் ஆட்கள். உப்பளத்திலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். அண்ணாச்சி வரவில்லை.

இசக்கியை விட்டுவர ஆள் இல்லை. ஆர்கன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். காற்றாடிக் காற்றில் பாட்டுப் புத்தகத்தின் தாள் புரண்டுகொண்டே இருந்தது. அவள் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் பெட்டி எனக்குப் பின்னால் இருந்தது. நான் சுவரைப் பார்த்து வாசித்தேன். அம்மாவுக்குப் பிடித்த பாமாலைப் பாட்டைக் கடைசியாக வைத்திருந்தார்கள்.

பெட்டியைத் தூக்கினார்கள். எல்லாரும் பின்னால் எழுந்து போகிற சத்தம் கேட்டது. தங்கபுஷ்பம் மைனி மட்டும் ஆர்கன் பக்கம் வந்து நின்றார்.

"எந்திரி பியூலா. உங்கம்மைய தூக்கிட்டுப் போறோம்."

"நான் வரல மைனி."

"பெத்தவளா இருந்தா வந்திருப்ப."

அவர் போனார்.

கோயில் காலியானது. மணியடித்துக் கோயிலைப் பூட்டித் திறக்கிற தாவீது அண்ணன் மட்டும் வாசலில் நின்றார். கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கருக்கு லைன் கொடுக்கச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பாமாலை பாதியில் நின்றதுபோல இருந்தது. பாதியில் நிறுத்துவது சரியில்லை. அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு ஸ்விட்ச் போர்டு பக்கம் போனார்.

அதே பாமாலையைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். முடிந்ததும் மறுபடியும். கோபுரத்துச் சத்தம் ஊரைச் சுற்றிவிட்டுக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. ஒருதரம் கரண்ட் போய்விட்டது. தாவீது அண்ணன் யாரும் சொல்லாமலே ஜெனரேட்டரைப் போட்டார். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் காதில் விழவில்லை என்று பிறகு சொன்னார்.

நல்ல புழுக்கம். வியர்வையில் கட்டைகள் வழுக்கின. ஓரிடத்தில் ஒரு தப்பான சுரம் விழுந்தது. எனக்கு அப்படி விழுவதில்லை.

மண் போட்டு முடித்தாகிவிட்டது என்று தாவீது அண்ணன் வந்து சொன்னார். நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். கோயிலுக்குப் போனேன், வாசித்தேன், வந்தேன்.

இசக்கியோடு திரும்பும் வழியில் தங்கபுஷ்பம் மைனி நின்றிருந்தார். நேற்று நடந்ததைச் சொன்னார். யாரும் வாயைத் திறக்காமல்தான் போயிருக்கிறார்கள். கம்பெனி வாசலில் வேனும் போலீஸும் வரிசையாக நின்றிருந்தார்களாம். அங்கே போகும்போது கோபுரத்திலிருந்து பாட்டு வந்திருக்கிறது. வீடியோ எடுக்கிற பையன் கேமராவை எங்கே திருப்புவது என்று தெரியாமல் விழித்தானாம். இன்ஸ்பெக்டர் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கம்பெனிக்குள் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் அரவையை நிறுத்திவிட்டு மதிலோரம் வந்து நின்றார்களாம். குழி வரைக்கும் பாட்டு கூடவே வந்தது என்றார்.

பிறகு, டீச்சர்தான் உன்னை வரவேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், அப்படித்தானே என்று கேட்டார். நான் இசக்கியைப் பார்த்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நேற்றுச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அது உண்மைதான். எதையும் எங்கேயும் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்கு முன்னால் ஐயர், அங்கி மாட்டுகிற அறைக்குக் கூப்பிட்டார். அண்ணாச்சியும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அனுமதி இல்லாமல் கோபுர ஸ்பீக்கரைப் பயன்படுத்தினேன். அதனால் இன்றிலிருந்து நான் வாசிக்க வேண்டியதில்லை. டவுனிலிருந்து ஒரு பையனை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தாவீது அண்ணனையும் நிறுத்திவிடுவதாகப் பேச்சு இருந்தது. அவர் அடுத்த வருடம் எப்படியும் ஓய்வு பெறப்போகிறவர் என்று விட்டுவிட்டார்கள்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. எனக்கு உன் மேல் ஒன்றும் இல்லை, சபைக்கு ஒழுங்கு வேண்டும் என்றார். ஐயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாட்டுப் புத்தக அலமாரிச் சாவியைக் கொடுத்தேன்.

விசாரணையில் என்ன வருமானம் என்று கேட்பார்கள். கீபோர்டு வகுப்புக்கு இன்னும் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

இசக்கிக்குக் காய்ச்சல். கஞ்சி கொடுத்தேன். பெரியம்மாவின் தலையணைதான் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். உறை மாற்றவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். அதில் அம்மா தேய்க்கிற எண்ணெய் வாசனை இருந்தது. நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவியிருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

விசாரணை டவுனில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர். மகேஸ்வரி மேடம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தாழ்வாரத்துப் பெஞ்சில் ஐயர் இருந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. பொதுப் பஸ்ஸில் வந்திருக்கிறார். அண்ணாச்சிக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

போலீஸிலிருந்து என் மேல் ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது. வீடு பரவாயில்லை. வருமானம் குறைவு, ஆனால் வகுப்புகள் இருக்கின்றன. ஐயரை உள்ளே கூப்பிட்டு என்னைப் பற்றிக் கேட்டார்கள். அவருக்கு வேர்த்துவிட்டது. நேரத்துக்கு வருவாள், ஒருநாளும் தாமதித்ததில்லை என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்து, சபை செய்தது சரியில்லை என்று மெதுவாகச் சொன்னார். அது அவர்களுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகுதான் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். உங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் எங்களிடம் சொன்னார் என்று ஆரம்பித்தார்.

"இத்தனை வருஷம் வளர்த்த அம்மா. அவங்க பெட்டி பின்னால நீங்க போகலையாம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாம். இந்தக் குழந்தைகிட்ட எப்படிம்மா பாசமா இருப்பீங்க?"

எதற்காகப் போகாமல் இருந்தேனோ அதற்கே அது குறுக்கே வந்து நின்றது. அம்மாதான் பின்னால் வராதே என்றார் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், சட்டத்துக்குப் பயந்து நடித்தேன் என்று ஆகும். அழுதேன் என்று பொய் சொல்லவும் வரவில்லை. கீழே பார்த்தேன். தரையில் மொசைக் கல் போட்டிருந்தார்கள்.

இசக்கி என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அக்கா அழுதாவ. வாசிச்சிக்கிட்டே அழுதாவ. மூக்கெல்லாம் ஒழுவிச்சி. கட்டையெல்லாம் நனஞ்சி வெரலு வழுக்கிச்சி. நாந்தான் பாவாடையால தொடச்சித் தொடச்சி விட்டேன். ஒருக்கா தொடைக்கும்போது தப்பா சத்தம் வந்திட்டு. அது அக்கா இல்ல, நாந்தான்."

மகேஸ்வரி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அழுதது எவ்வளவு நேரம் என்று தலைவர் அவளிடம் கேட்டார். பெரியம்மாவைப் புதைத்துமுடிக்கிற வரைக்கும் என்றாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அது நினைவில்லை. இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். புழுக்கம் நினைவிருக்கிறது. சுவரில் பல்லி இருந்தது நினைவிருக்கிறது. வியர்வை என்றுதான் நினைத்தேன்.

முதலில் ஆறு மாதத்துக்கு என் பொறுப்பில் கொடுத்திருக்கிறார்கள். பிறகு மறுபடி பார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் இசக்கிக்குச் சேவு வாங்கிக்கொடுத்தேன். ஐயர் எங்களுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

வக்கீலிடம் சொன்னேன். நல்லது, இனி எழுத வேண்டிய அவசியம் இல்லை என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

அவசியம் இல்லை. இருந்தாலும் இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

கோயில் மணி அடித்தது. நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இரண்டு பேர் நடந்துபோவது ஊர்வலம் ஆகாது. மீன் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு யாரோ வந்து எடுத்துப்போயிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. பந்தலில் தங்கபுஷ்பம் மைனியும் நாலைந்து பேரும் இருந்தார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. மைனி மட்டும் எழுந்து நின்றார். தாண்டிப் போகிற வரைக்கும் நின்றார்.

அம்மாவின் குழி எது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. புதுமண் இரண்டு இடத்தில் இருந்தது. இசக்கி ஒரு சிலுவைக் கட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நவமணி என்று இருந்தது. நாங்கள் அங்கே உட்கார்ந்தோம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

என்ன செய்வது என்று தெரியவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். இசக்கிதான் அந்தப் பாமாலையைப் பாட ஆரம்பித்தாள். வார்த்தை பாதி தெரியாது அவளுக்கு. தெரியாத இடத்தில் லா லா என்றாள். ராகமும் இரண்டாம் வரியில் இறங்க வேண்டிய இடத்தில் ஏறியது. அப்படி இல்லை, இப்படி என்று சொல்லிக்கொடுப்பதற்காக நான் அந்த வரியைப் பாடினேன். ஆர்கனோடு சேர்ந்து நான் பாடியதில்லை. என் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்கு மறந்திருந்தது.

மூன்றாம் வரியில் குரல் உடைந்தது. மறைத்துக்கொள்ள எதிரே சுவர் ஒன்றும் இல்லை. இசக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் திருப்பிக்கொள்ளவில்லை.

அவள் பாட்டை நிறுத்தவில்லை. மீதியை அவளே பாடி முடித்தாள், இந்தமுறை சரியாக.